கடைக்குட்டி தேய்ந்துவிட்டது

அந்த மரப்பட்டறையில் நடந்த சண்டைக்கு யாரைக் குறை சொல்வது என்று கேட்டால், தூசி உறிஞ்சும் மிஷினைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அது மட்டும் இன்னும் ஒரு மூச்சு நேரம் ஓடியிருந்தால், அண்ணி கத்தியது யார் காதிலும் விழுந்திருக்காது. நாள் முழுக்க எல்லோரையும் செவிடாக்கிக்கொண்டு ஓடுகிற சனியன், சரியாக அந்த நேரம் பார்த்தா நிற்க வேண்டும்!

பட்டறை வீட்டின் பின்புறத்தை ஒட்டி இருந்தது. ஆரம்பித்தவர் மாமனார். இப்போது அவர் முன்னறையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எந்தப் பலகை வந்தாலும் முகர்ந்து பார்த்து ஒரு குறை சொல்வதோடு சரி. மூத்த மகன் கதவும் மேசையும் மாடிப்படியும் பொருத்துகிறவன். வாயைத் திறந்தால் உள்ளே பசை ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்தவன் மாதிரி, பேசாமல் வேலை பார்ப்பான். இளைய மகனுக்கு வெளி வேலை. ஆர்டர் பிடிப்பது, மரம் வாங்குவது, சாமான் வாங்குவது, பேசுவது. முக்கியமாகப் பேசுவது. இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்த இரண்டு பெண்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள்.

இழைக்கும் மிஷின் மூத்தவனின் மனைவி பொறுப்பு. கொழுந்தன் அவளை அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டு, மரம் இறக்க வருகிறவர்களும் லாரிக்காரர்களும் அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்து, அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. மிஷினை அவளிடம் யாரும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கவில்லை. முன்பு ஓட்டிக்கொண்டிருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டபோது, வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் என்று அவள் போய் நின்றாள். ஆள் கிடைத்தான். அவள் நகரவில்லை. பொம்பளைக்கு எதற்கு அந்த ராட்சசன் என்று மாமனார் கேட்டபோது, ராட்சசனுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை மாமா என்று சொல்லிவிட்டு அடுத்த பலகையை உள்ளே தள்ளினாள்.

மாமனார் காலத்தில் அந்த மிஷினின் உருளையில் நீள நீளமான கத்திகள் இருந்தன. அவற்றைக் கழற்றி, சாணை பிடிக்க அனுப்பி, திரும்ப மட்டம் பார்த்து மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இப்போது இருப்பது வேறு உருளை. அதில் நகத்தளவுச் சதுர வில்லைகள், பட்டறைப் பேச்சில் பிளேடுகள், சுருள் சுருளாக வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும். கார்பைடு. எஃகைவிடக் கடினம், ஆனால் கை தவறிக் கீழே போட்டால் மூலை தெறித்துவிடும். ஒவ்வொன்றையும் நடுவில் ஒரு திருகாணி பிடித்திருக்கும். இதற்குச் சாணை கிடையாது. முன்னால் இருக்கிற பக்கம் தேய்ந்துவிட்டால், திருகாணியைத் தளர்த்தி, வில்லையைக் கால்வாசி திருப்பி, அடுத்த பக்கத்தை முன்னால் கொண்டுவந்து இறுக்க வேண்டியதுதான். சதுரத்துக்கு நாலு பக்கம், வில்லைக்கு நாலு பிறவி. இப்போது எந்தப் பிறவி நடக்கிறது என்று தெரிவதற்காக ஒரு மூலையில் ஒரு புள்ளி குத்தியிருக்கும். எல்லா வில்லையிலும் புள்ளி ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று மாறினாலும் பலகையில் கோடு விழும்.

அந்த நாலு பக்கத்துக்கும் பட்டறையில் பெயர் உண்டு. மூத்தது, ரெண்டாவது, மூணாவது, கடைக்குட்டி. பட்டறையில் என்றால் அண்ணிக்கும் அவள் புருஷனுக்கும் நடுவில். ரெண்டாவது முடிஞ்சுதுங்க, மூணாவதைத் திருப்பப் போறேன் என்று அவள் சொன்னால் அவனுக்குப் புரியும். மற்றவர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

வீட்டில் இன்னொரு கடைக்குட்டி இருந்தான் என்பதுதான் வினை. சின்னவனை மாமனார் பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவார். மீசை முளைத்தும் கடைக்குட்டி, கல்யாணம் ஆகியும் கடைக்குட்டி, கார் வாங்கியும் கடைக்குட்டி. அவனுக்கு உள்ளுக்குள் எரியும். வெளியில் அதையே பெருமையாக மாற்றி, வீட்டுக்குத்தான் நான் கடைக்குட்டி, ஆனால் கடையே என் தலையில்தான் ஓடுகிறது என்று போகிற இடமெல்லாம் சொல்லி, தானே முதலில் சிரித்துக்கொள்வான்.

அன்றைக்கு அவன் மாடிப்படி கான்ட்ராக்டர் ஒருவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஒரு கட்டடம் முழுவதற்கும் படிப்பலகை வேண்டுமாம். இந்த ஆர்டர் கிடைத்துவிட்டால் தன்னை யாரும் அசைக்க முடியாது என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்து, அந்தக் கடைக்குட்டி ஜோக்கையும் சொல்லியிருக்கிறான்.

உள்ளே அண்ணி காலையிலிருந்தே முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். மிஷினின் சத்தம் சரியில்லை. வெட்டுகிற சத்தம் போய், தேய்க்கிற சத்தம் வந்துவிட்டது. வெளியே வந்த பலகையைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். நார் நாராக மயிர் நிமிர்ந்து நின்றது. ஒரு ஓரத்தில் லேசாகக் கருகல் வேறு. வில்லைகள் புது செட் வாங்க வேண்டும் என்று சின்னவனிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப்போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் பார்க்கலாம் அண்ணி, பார்க்கலாம் அண்ணி. எதைப் பார்ப்பானோ!

மிஷினை நிறுத்திவிட்டு, தூசி மிஷினின் இரைச்சலை மீறிப் பட்டறையின் அடுத்த கோடியில் நின்ற புருஷனுக்குக் கேட்க வேண்டும் என்று அவள் அடிவயிற்றிலிருந்து குரலெடுத்தாள். அதே நொடியில் புருஷன் வாசலில் விருந்தாளியைப் பார்த்துவிட்டு, மரியாதைக்குத் தூசி மிஷினை அணைத்தான்.

“கடைக்குட்டி முழுசாத் தேஞ்சு போச்சுங்க! இனிமே அதால ஒரு பிரயோஜனமும் இல்ல. இவ்வளவு நாள் அதை வச்சு ஓட்டினதே பெருசு. கழட்டித் தூக்கிப் போட்டுட்டு வேற புதுசு கொண்டுவந்தாத்தான் இந்தப் பட்டறை உருப்படும்!”

பட்டறை கப்சிப் என்று இருந்தது. கான்ட்ராக்டர் ஒரு தடவை அண்ணியைப் பார்த்தார், ஒரு தடவை பக்கத்தில் நின்றவனைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சும்மா சிரிப்பில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி மறுபடியும் சிரித்தார். மாதிரிப் பலகை ஒன்று நாளைக்குத் தயாராக இருக்கட்டும், வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறும்போதும் அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சின்னவன் முகத்தில் ஈயாடவில்லை.

அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததும் குதித்தான் பாருங்கள், அப்படி ஒரு குதி. அண்ணிக்கு ரொம்ப நாளாக மனசில் கிடந்தது இன்றைக்கு வெளியே வந்துவிட்டது என்றான். இந்த வீட்டில் தன்னை ஒரு ஆளாக மதித்தது யார் என்றான். முன்னறையில் எல்லோரையும் உட்கார வைத்துப் பஞ்சாயத்து. அண்ணி ஒரே ஒரு தடவை சொன்னாள், தான் சொன்னது பிளேடை, நாலாவது பக்கத்துக்கு அதுதான் பெயர் என்று.

“பிளேடுக்கு எவனாவது கடைக்குட்டின்னு பேரு வைப்பானா?” என்று கேட்டான் சின்னவன்.

அண்ணி புருஷனைப் பார்த்தாள். அந்தப் பெயரை வைத்தது அவன்தான். முதல் செட்டை மாட்டின அன்றைக்கு, அவள் மூத்தது, ரெண்டாவது என்று எண்ணிக்கொண்டே வர, நாலாவதற்கு அவன்தான் சிரித்துக்கொண்டே அந்தப் பெயரைச் சொன்னான். இப்போது அந்த மகராசன் கட்டைவிரலில் காய்ந்த பசையை உரிப்பதில் மும்முரமாக இருந்தான். பிளேடைத்தான் சொல்லியிருப்பா என்று ஒரு வார்த்தை முனகியதோடு அவன் பங்கு முடிந்தது. வைத்தது இவர்தான் என்று அவளே போட்டு உடைத்திருக்கலாம். அவளுக்கு அது வேண்டாம். அவன் வாயிலிருந்து வந்தால் வரட்டும்.

மாமனார் தீர்ப்புச் சொன்னார்.

“பிளேடோ ஆளோ, வந்த மனுஷன் முன்னாடி அவனுக்குத் தலைகுனிவாப் போச்சு. மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. வாய் தேஞ்சா போயிடும்?”

வாய் ஏற்கெனவே தேய்ந்துதான் போயிருந்தது. அவள் பிறந்த வீட்டில் நாலு பெண்களில் மூன்றாவது. மூத்தவளுக்கு அதிகாரம், கடைசிக்குச் செல்லம், நடுவில் இருந்தவளுக்கு மன்னிப்பு. யார் சண்டை போட்டாலும் சீக்கிரம் முடியட்டும் என்று இவள்தான் கேட்பாள். கல்யாணமாகி வந்த பிறகும் அதே கதை. டீ ஆறிப்போனால் மன்னிச்சிடுங்க, குழம்பில் உப்பு தூக்கலானால் மன்னிச்சிடுங்க, மழை வந்து துணி நனைந்தால் அதற்கும் மன்னிச்சிடுங்க. அவள் அதைச் சொல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான் உலகத்தில் இருந்தது. அந்த மிஷினின் முன்னால் நிற்கிற இடம். அங்கே பலகை வழவழப்பாக வரும், அல்லது வராது. வராவிட்டால் காரணத்தைத் தேடிச் சரிபண்ண வேண்டும், அவ்வளவுதான். யார் மனசும் நோகாது. அந்த இடத்துக்குள்ளேயும் இந்த வார்த்தையைக் கொண்டுவந்து நுழைக்கப் பார்க்கிறார்களே என்று அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“பிளேடைப் பத்திதான் மாமா சொன்னேன். வேணும்னா பிளேடுகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்.”

சின்னவன் எழுந்து நின்றான். சாமான் வாங்குகிறவன் நான், மன்னிப்பு வந்தால் பிளேடு வரும், அதுவரைக்கும் இருப்பதை வைத்தே ஓட்டுங்கள் என்றான். சதுரம்தானே, நாலு பக்கமும் முடிந்தால் மறுபடி முதல் பக்கத்துக்கே திருப்ப வேண்டியதுதானே என்று ஒரு யோசனை வேறு. இவ்வளவு அடம் பிடித்தால் மிஷினுக்கு வேறு ஆள் பார்க்கிறேன் என்றும் சொன்னான். மாமனார் அதற்குத் தலையை ஆட்டினார். மன்னிப்பு, இல்லையென்றால் மிஷின், இரண்டில் ஒன்றை விட வேண்டும் என்று ஆகிப்போனது.

அவள் நேராகப் பட்டறைக்குள் போனாள். சுவரிலிருந்து மிஷினின் பிளக்கைப் பிடுங்கி, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மேசைமேல் போட்டாள். மூடியைத் தூக்கினாள். ஆணியில் தொங்கிய திருப்புளியை எடுத்தாள். குறுக்குக் கைப்பிடி வைத்தது அது. இறுக்கம் போதும் என்கிறபோது டிக்கென்று ஒரு சத்தம் கொடுக்கும். கழற்றும்போது அது எதுவும் சொல்லாது.

திருகாணித் தலையில் நட்சத்திரக் குழி இருக்கும். அதில் மரப்பிசினும் தூளும் சேர்ந்து கல்லாகிக் கிடக்கும். அதை ஊசியால் நோண்டி எடுக்காமல் திருப்புளியை வைத்தால் குழி மழுங்கிவிடும், அப்புறம் அழுதாலும் வராது. ஒவ்வொன்றாக நோண்டினாள். திருப்புளியை உள்ளங்கையால் அழுத்தி, மெல்லத் தளர்த்தி, வில்லையை எடுத்துத் தகர டப்பாவில் போட்டாள். டங். அடுத்தது. டங். முன்னறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னதான் செய்கிறாள் என்று சின்னவன் வந்து எட்டிப் பார்த்தபோது பாதி உருளை பொக்கை வாயாக நின்றது.

“யாருக்கு ஓட்டணுமோ வந்து ஓட்டிக்கட்டும் தம்பி. வெறும் உருளை தயாரா இருக்கு” என்றாள்.

அவன் போன பிறகு புருஷன் வந்தான். பக்கத்தில் நின்றான். கையைப் பிசைந்தான். பேருக்கு ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும், மனசாரக் கேட்க வேண்டாம், சும்மா வாயளவில் கேள் என்று வழவழா கொழகொழா என்று என்னவோ சொன்னான். அவள் ஒரு வில்லையை எடுத்துவிட்டு, அது உட்கார்ந்திருந்த குழியைக் காட்டினாள். ஓரத்தில் பிசினோடு ஒரு துளி மரத்தூள் ஒட்டியிருந்தது.

“இது அடியில இருக்க மேல வச்சு இறுக்கினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்ல. பிளேடு தூக்கிக்கிட்டு நிக்கும், இல்லாட்டி வெடிச்சுப்போகும். அடியில தூள வச்சுக்கிட்டு மேல இறுக்குன்னு என்கிட்டயே சொல்றீங்க.”

அவன் தன் மேசைக்கே திரும்பிப் போய்விட்டான். அவள் கம்பித் தூரிகையை எடுத்து அந்தக் குழியைத் துடைத்தாள். அப்புறம் எல்லாக் குழிகளையும் துடைத்தாள். கோபத்தில் செய்தாலும் வேலை சுத்தமாக இருந்தது, அதை மட்டும் சொல்லியாக வேண்டும். எல்லாம் முடிந்து வீட்டுக்குள் வந்து படுத்தபோது பயமாகத்தான் இருந்தது. நிஜமாகவே வேறு ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால்? மறுபடியும் சமையலறையில் நின்றுகொண்டு, யாரோ ஒருவன் கோடு கோடாகப் பலகையை நாசம் பண்ணுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனாலும் அந்த வார்த்தை வாய் வரைக்கும் வரவில்லை.

காலையில் மாமனாரே பட்டறைக்குள் வந்தார். அந்தச் சின்னச் சின்னப் பொட்டு பிளேடுகள்மேல் அவருக்கு என்றைக்குமே மதிப்புக் கிடையாது. ஒரே ஒரு மாதிரிப் பலகை, அதை மட்டும் பழையதை வைத்தே ஓட்டிக் கொடுத்துவிடம்மா, மதியம் அந்த ஆள் வருகிறார் என்றார். அவள் டப்பாவிலிருந்து ஒரு வில்லையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் ஒன்றும் விவரம் தெரியாதவரில்லை. கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து இழுத்துப் பார்த்தார். கூர் இருந்தால் நகத்தைக் கவ்வும். வழுக்கிக்கொண்டு போனது. திருப்பினார், அடுத்த பக்கமும் வழுக்கியது. நாலு பக்கமும் பார்த்துவிட்டு டப்பாவில் திரும்பப் போட்டார்.

தேய்ந்தது தேய்ந்ததுதான், அதை நான் மறுக்கவில்லை என்றார். ஆனால் அது வேறு, இது வேறு. நீ ஒரு வார்த்தை சொன்னால் அவன் இப்போதே போய் வாங்கிக்கொண்டு வந்துவிடுவான் என்றார். பார்த்தீர்களா நியாயத்தை! உண்மை கைக்கு வந்து, நகத்தில் உரசிப் பார்த்த பிறகும் மன்னிப்பு மட்டும் அவளிடம்தான் கேட்க வேண்டுமாம்.

“அப்ப பிளேடு வராது மாமா” என்றாள் அவள்.

கொஞ்ச நேரத்தில் சின்னவன் வந்தான். வேறு பட்டறைகளில் இழைத்து வாங்கிக்கொள்ளலாம் என்று காலையிலிருந்து போன் போட்டுப் பார்த்திருக்கிறான். யாருக்கும் இன்றைக்கு நேரமில்லை. ராத்திரி அவன் சரியாகத் தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. பொக்கை உருளையையே பார்த்துக்கொண்டு நின்றான். வந்த வேகத்துக்குக் கத்துவான் என்றுதான் அண்ணி நினைத்தாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

“நிஜமா சொல்லுங்க அண்ணி. அந்தப் பேரு எதுக்கு? ஒண்ணுக்கும் ஆகாததுன்னா என் பேருதான் ஞாபகம் வருமா?”

அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை நாளும் கடையே என் தலையில் ஓடுகிறது என்று பீற்றிக்கொண்டதெல்லாம் இந்த ஒரு கேள்வியை மூடி மறைக்கத்தானா என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாவமாக இருந்தது. இருந்தாலும் பாவம் பார்த்து மன்னிப்புக் கேட்டே அவள் பாதி ஆயுளைத் தீர்த்தவள்.

“நான் வைக்கல தம்பி. வச்சவரு அதோ நிக்கிறாரு. அவரையே கேளுங்க.”

சின்னவன் திரும்பினான். பட்டறையின் கோடியில் ஒரு கதவுச் சட்டத்துக்கு இடுக்கி போட்டுக்கொண்டிருந்த மூத்தவன் திருதிருவென்று முழித்தான். இடுக்கியைக் கீழே வைத்தான். அவன் கல்யாணத்தன்றுகூட அத்தனை வார்த்தை பேசியிருக்க மாட்டான்.

“நான்தான்டா வச்சேன். இது ஒண்ணும் வசவு இல்ல. மூத்தது அலுத்துப்போனா ரெண்டாவது வந்துடும். ரெண்டாவது அலுத்தா மூணாவது. நாலாவதுக்குப் பின்னால யாரும் இல்ல. புதுசு வர்ற வரைக்கும் அதுதான் நின்னு உழைக்கணும். மத்த மூணையும்விட அதிக நாள் ஓடுறது அதுதான். அக்காங்க ரெண்டு பேரும் போயிட்டாங்க, நான் இந்த மூலைய விட்டு வெளிய வர்றதில்ல, நீதான் வெயில்லயும் மழையிலயும் அலையுறே. அதை நினைச்சுத்தான் வச்சேன்.”

சின்னவன் டப்பாவிலிருந்து ஒரு வில்லையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இதை ஏண்ணே நேத்தே சொல்லல?”

“நீ கோவமா இருந்தே.”

“அதனால அண்ணிய முன்னாடி தள்ளிவிட்டுட்டு நீ பசையை உரிச்சிக்கிட்டு உக்காந்திருந்தியா?”

சின்னவன் விறுவிறுவென்று வெளியே போனான். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் பெட்டி இருந்தது. புது செட் வில்லை, தனியாக ஒரு பொட்டலத்தில் புதுத் திருகாணிகள். அவள் பல தடவை எடுத்துச் சொன்ன அதே அளவு, அதே வகை. காதில் வாங்காமல் இருக்கவில்லை பாருங்கள், வாங்காத மாதிரிதான் இருந்திருக்கிறான். பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு நின்றான். மாமனாரும் பின்னாலேயே வந்துவிட்டார். கான்ட்ராக்டர் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இனி என்ன, அண்ணி திருப்புளியை எடுக்க வேண்டியதுதானே என்று மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள்.

அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“பிளேடு வந்துடுச்சு. மன்னிப்பு எங்க?”

அதுதான் முடிஞ்சு போச்சே, இன்னும் என்னம்மா என்றார் மாமனார்.

“எனக்கு முடியல மாமா. நேத்து எல்லாருமா உக்காந்து என்கிட்ட கேட்டீங்களே, அதையேதான் கேக்கறேன். நான் தப்புப் பண்ணலன்னு இப்ப எல்லாருக்கும் தெரியும். ஒரு வார்த்தைதான். வாய் தேஞ்சா போயிடும்?”

மூத்தவன் முதலில் வந்தான். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லப் பார்த்தான்; அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். மன்னிச்சிடு, நேத்து நான் பேசியிருக்கணும் என்றான். அப்புறம் சின்னவன். அவன் பேச்சுக்காரன் இல்லையா, நாலைந்து வாக்கியமாகச் சொன்னான், அத்தனையிலும் மன்னிப்பு இருந்தது. அந்த வீட்டில் அந்தச் சொல் அவளை நோக்கி வந்தது அதுதான் முதல் தடவை. இத்தனை வருஷம் தான் கொடுத்துக்கொண்டே இருந்தது வாங்கிக்கொள்ள இவ்வளவு நன்றாக இருக்குமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மாமனார் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திருகாணிப் பொட்டலத்தைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து வரிசையாக வைக்க ஆரம்பித்தார். புதுத் திருகாணிக்குத் துடைப்பு எதற்கு? குனிந்த தலை நிமிராமல் என்னவோ முணுமுணுத்தார்.

“காதுல விழல மாமா” என்றாள் அண்ணி. “தூசி மிஷின்கூட இப்ப ஓடலியே.”

சின்னவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தான். மாமனாரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தொண்டையைச் செருமினார்.

“தப்பு எங்க பேர்லதாம்மா. மன்னிச்சுக்க” என்றார், பட்டறை முழுக்கக் கேட்கும்படி.

அவள் கையைப் பிரித்து, திருப்புளியை எடுத்தாள். குழியை ஒரு தடவை விரலால் தடவி, தூள் இல்லை என்று பார்த்து, வில்லையை வைத்து, புள்ளியைத் தன் பக்கம் திருப்பி, மாமனார் நீட்டிய திருகாணியை விட்டு இறுக்கினாள். டிக். மூத்தது எல்லாம் ஒரே திசை பார்த்து வரிசையாக உட்கார ஆரம்பித்தன. அன்றைக்கு அந்த வேலையில் அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை. கான்ட்ராக்டர் வந்தபோது பலகை தயாராக இருந்தது. உள்ளங்கையால் தடவிப் பார்த்தார், சாய்த்துப் பிடித்துப் பார்த்தார், தலையை ஆட்டினார். போகும்போது, கடைக்குட்டி எப்படி இருக்கார் என்று குறும்பாகக் கேட்டார். அது அதோட முறை வரும்போது வரும் சார், இப்ப மூத்தது ஓடிக்கிட்டிருக்கு என்று சின்னவன் முகம் மாறாமல் சொன்னான். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆர்டர் கிடைத்தது.

அதற்கப்புறம் பட்டறையில் அந்தப் பெயரை மாற்றிவிடலாம் என்று மாமனார் ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தார். எதற்கு வம்பு, நாலாவது என்றே சொல்லிவிட்டுப் போகலாமே என்றார். அண்ணி முடியாது என்றுவிட்டாள். வாயில் பழகிய பெயர், வைத்தவரும் இருக்கிறார், காரணமும் இருக்கிறது, இதை எதற்கு மாற்ற வேண்டும்?

படிப்பலகைகள் எல்லாம் ஓடி முடிந்தன. மூத்தது தேய்ந்தது, ரெண்டாவது வந்தது. அதுவும் தேய்ந்து மூணாவது வந்தது. கடைசியில் கடைக்குட்டியின் முறையும் வந்து, அதுவும் தன் பங்குக்கு உழைத்துத் தீர்த்தது. ஒரு நாள் வெளியே வந்த பலகையை அண்ணி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். நார் நிமிர்ந்திருந்தது. மிஷினை நிறுத்தினாள். கத்துவதற்கு வாயைத் திறந்தவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். நிதானமாக நடந்துபோய்த் தூசி மிஷினையும் தானே அணைத்தாள். பட்டறையே கப்சிப் என்று ஆனது. முன்னறையில் யாரோ ஆள் வந்து பேசிக்கொண்டிருப்பதும் அவளுக்குத் தெரிந்தது.

“கடைக்குட்டி முழுசாத் தேஞ்சு போச்சு. இனிமே அதால ஒரு பிரயோஜனமும் இல்ல.”

முன்னறையில் பேச்சு நின்றது. நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

“எந்தக் கடைக்குட்டிய சொல்றீங்க அண்ணி?” என்று சின்னவனின் குரல் வந்தது.

“பெட்டியோட வந்தீங்கன்னா பிளேடைச் சொன்னேன் தம்பி. வெறுங்கையோட வந்தீங்கன்னா உங்களைத்தான் சொன்னேன்.”

அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சின்னவன் பெட்டியோடு வந்தான்.